வண்டிக் காலுக்குச் சந்தனம்

பிரபாவதி செத்துப்போனதற்கு சேதுமாதவன் இன்னும் அழவில்லை. தோகா ஆஸ்பத்திரியில் அழவில்லை. அவள் உடலிருந்த பெட்டியோடு பம்பாய் வழியாக மதுரைக்குப் பறந்தபோது அழவில்லை. கொள்ளி வைத்தபோதும் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஏமாந்து போனார்கள். "என்ன மனுஷனோ, கல்லு" என்று மாமியார் அவன் காதில் விழும்படியே சொன்னாள். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த அம்மாள் சொல்வது சரிதானோ என்று பயமாகத்தான் இருந்தது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையென்றால் தான் என்ன பிறவி? லீவு முடிந்து தோகாவுக்குத் திரும்பி டூட்டியில் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்விதான் அவனோடு சாப்பிட்டது, படுத்தது. அழுகையைத்தான் காணோம்.

இதற்கு நடுவில் அவன் மோட்டார் சைக்கிள் வேறு ஒழுக ஆரம்பித்தது. முன் ஃபோர்க் இரண்டிலும் எண்ணெய் கசிந்து சக்கரத்தில் இறங்கியது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்காமல் வழுக்கியது. போனால் போகிறது என்று சில நாள் அப்படியே ஓட்டினான். உயிர் மேல் அவ்வளவுதான் அக்கறை. எண்ணெய்க் கறை படிந்த பேண்ட்டைப் பார்த்து ஆபீஸில் மேனேஜர் முகம் சுளித்த பிறகுதான், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நஜ்மா பேட்டைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனான்.

நஜ்மாவில் லுக்மான் ஒர்க்‌ஷாப். கீழக்கரைக்காரர். ஊரில் நாலைந்து மாசம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார். அதனால் பிரபாவதி விஷயம் அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் சேதுமாதவன். அவன் சொல்லவில்லை. சொன்னால் அவர் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைப்பார், தோளைத் தொடுவார், இவன் கண்ணைப் பார்ப்பார். அங்கேயும் ஒன்றும் இருக்காது. எதற்கு வம்பு?

"என்ன சார், இப்புடி விட்டுட்டீங்க? பிரேக்கு பூரா ஆயிலு. சீலு ரெண்டும் போச்சு. ஒரிஜினல் மாஃபி, கெடைக்காது. பஹ்ரைன்லேருந்து வந்த டூப்ளிகேட்டு கெடக்கு, போட்டுரவா?"

"போடுங்க பாய்."

"ஜும்மாவுக்கு முன்னாடி கலாஸ் பண்ணி முடிச்சிருவோம்."

எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, இரண்டு ஃபோர்க்கையும் உருவிச் சாக்கின் மேல் போட்டார் லுக்மான். அடிநட்டைத் திருகியதும் கறுப்பு எண்ணெய் தகர டப்பாவில் இறங்கியது. ஒரு ஃபோர்க்கின் தூசி ரப்பரை மேலே தள்ளினார். உள்ளே மஞ்சளாகக் களிம்பு அடைந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

"யா அல்லா! சந்தனம்! கூட மஞ்சளும் இருக்கு போலயே. வண்டிக் காலுக்கு யாரு சார் இதைப் பூசுனது?"

வேறு யார், பிரபாவதிதான். இங்கே லீவு வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு ரொம்ப வசதி. காலையில் அவன் வண்டியைக் கழுவி நிறுத்தினால் அவள் கிண்ணத்தோடு இறங்கி வந்துவிடுவாள். லைட்டுக்குப் பொட்டு, மீட்டருக்குப் பொட்டு. அப்புறம் குனிந்து, பளபளக்கும் அந்த இரண்டு குழாயிலும் மூன்று விரலால் இழுத்துப் பூசுவாள். "அதுக்கு எதுக்குடி?" என்றால், "நம்மளச் சுமக்குற காலு. வெறுங்காலா விடச் சொல்றீங்களா?" என்பாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. எதைச் சொன்னாலும் உடனே ஒரு பதில் தயாராக இருக்கும்.

"பூசுன ஈரத்துல மணலு ஒட்டிக்கிருது சார்" என்றார் லுக்மான். "வண்டி பள்ளத்துல எறங்குறப்ப அதுவும் சேந்து சீலுக்குள்ள போகுது. வாரா வாரம் போனா ரப்பரு கிழியாம என்ன செய்யும்? இந்த ஊரு மணலு அரம் மாதிரி."

பெட்ரோலில் துணியை நனைத்து முதல் குழாயைத் துடைத்தார். ஒரே இழுப்பில் பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டாவதை எடுத்தார். அதன் மேல்பக்கத்தில், சீல் வந்து உரசாத இடத்தில், மூன்று கோடுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. அவள் விரல் அகலம். சேதுமாதவன் கை தானாக உயர்ந்தது. நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியவில்லை. கை இறங்கிவிட்டது. துணி போய் வந்தது, கோடுகள் போய்விட்டன. நெஞ்சில் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, மேலே குழாய்த் துண்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினார் லுக்மான். எண்ணெய் ஊற்றி, சக்கரத்தை மாட்டி, ஹேண்டிலைப் பிடித்து நாலு தரம் அமுக்கிக் காட்டினார். சொட்டு இல்லை.

"அக்காட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க சார். இனிமே காலுக்குப் பூச வேணாம். மறந்துராதீங்க, இல்லாட்டி மறுபடி இங்கதான் வந்து நிப்பீங்க."

"சொல்றேன் பாய்" என்றான் சேதுமாதவன்.

வண்டி சொன்னபடி நின்றது, திரும்பியது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தான். சமையல்கட்டு அலமாரியில் சாமி படங்களுக்கு முன்னால் சந்தனக் கிண்ணம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான், சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நினைத்தான்.

"பிரபா, வண்டிக் காலுக்கு இனிமே சந்தனம் பூசக் கூடாதாம். லுக்மான் பாய் சொல்லச் சொன்னாரு."

சொல்லிவிட்டு நின்றான். இதற்கெல்லாம் சும்மா இருக்கிறவள் இல்லை அவள். அந்த பாய்க்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்துவிடுவாள். ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிரபா" என்று சற்று உரக்கக் கூப்பிட்டான். கோபித்துக்கொண்டாளோ என்னவோ. சமாதானமாகப் பேசினான். "லைட்டுக்கு வச்சுக்கலாம். அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீ லைட்டுக்கு வச்சுக்க, பிரபா..."

அதற்கும் பதில் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டும் அளவுக்கு, சேதுமாதவன் ஓவென்று அழுதான்.