ஆர்வெத் ரோக்த்லாவின் முதுகு

ஒன்பது தடவை சுட்டுக் கொல்லப்பட்ட ஆர்வெத் ரோக்த்லாவின் உடம்பில் ஒன்பது ஓட்டைகள் இருந்தன. சோவியத் எஸ்தோனியாவின் வில்யாண்டி ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்தோனியாக்காரன் மூஞ்சியைப் பார்த்தாலே மாஸ்கோ இயக்குநர்களுக்கு ஜெர்மன் அதிகாரி ஞாபகம்தான் வரும். குளிர்காலம் முழுக்க ஊர் நாடகக் கொட்டகையில் அரசனாக நிற்பவன், கோடையில் ரயிலேறிப் போய்ச் சினிமாவில் நாஜியாகச் செத்துவிட்டு வருவான். வெடி பொய், ஓட்டை நிஜம். சனிக்கிழமை நீராவிக் குளியலில் மனைவி ஹெல்மி சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினால், ஆவி அவன் மார்பில் நுழைந்து முதுகு வழியே வெளியேறும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில், பத்தாவது படம் முடித்து வந்தவன் உடம்பில் புது ஓட்டை இல்லை.

"இந்தத் தடவை சாகலையா?"

"சரணடைஞ்சுட்டேன்," என்றான் திரும்பிப் பார்க்காமல்.

சாகாமல் வந்தவனை ஹெல்மி நம்பவில்லை.

படம் ஊருக்கு வந்தது. அதில் அவன் நடித்த ஜெர்மன் அதிகாரி தன் ஆட்களையே காட்டிக்கொடுக்கிறான். வசனத்தின் மேல் வேறொருவனின் ரஷ்யக் குரலைப் பூசுவது வழக்கம். எப்படியும் அழிக்கப்போகிற குரல்தானே என்று நம் நடிகர்கள் கேமரா முன்னால் எஸ்தோனிய மொழியில் வாய்க்கு வந்ததை உளறுவார்கள். மீன் குழம்பு வைக்கும் விதத்தைக்கூடச் சொல்வார்கள். ஆர்வெத் உளறியதை அழிக்க அந்தத் தடவை யாரோ மறந்துவிட்டார்கள். திரையில் விளக்கடியில் உட்கார்ந்து வில்யாண்டிக்காரர்கள் ஏழு பேரின் பெயரைத் தெருவோடு சொன்னான். முதல் பெயர் குஸ்தாஸ், ஹெல்மியின் அண்ணன். எவனோ அரசாங்கத்துக்கு எழுதிப்போட்ட மொட்டைக் கடிதத்தால் ஆறு வருஷம் சைபீரியாவில் மரம் வெட்டியவன்.

"என்ன சரளமா சொல்றான் பாரு," என்றாள் பக்கத்து இருக்கை ரொட்டிக்கடை ஆல்மா. அவள் பெயர் மூன்றாவது. "பழக்கம் போலிருக்கு."

வீட்டில் ஹெல்மி கேட்டாள்: "எங்க அண்ணன் பேரு எதுக்கு?"

"ஏழு பேரு சொல்லுன்னாங்க. எனக்கு வேற யாரைத் தெரியும்?"

"பேரு சரி. தெரு எதுக்கு?"

அவன் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினான்.

அந்த வாரம் ரொட்டி வரிசையில், கொட்டகை வாசலில், யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைப் பார்த்தார்கள். குஸ்தாஸ் வீட்டுக்கே வந்து காப்பி குடித்தான், நாடகம் எப்படிப் போகுது என்று விசாரித்தான், ஆர்வெத் அடுப்புப் பக்கம் திரும்பியபோது முதுகைப் பார்த்தான்.

சனிக்கிழமை குளியலில் வழக்கம்போல பிர்ச் மர இலைக் கொத்தால் முதுகில் அடித்துவிட ஹெல்மி அவனைத் திருப்பினாள். முதுகில் எட்டுப் புது ஓட்டைகள். இவற்றில் புகுந்த ஆவி மார்பு வழியே வரவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது.

"எத்தனை?" என்றான்.

"ஏழு."

அவன் தலையாட்டினான். எட்டாவது ஓட்டை இடது தோளுக்குக் கீழே, இரவு படுக்கையில் அவள் பார்வை படும் இடத்தில் இருந்தது. அதன்மேல் ஓர் ஈர இலையை ஒட்டிவிட்டு, கல்லில் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். ஆர்வெத் மேலும் பதினெட்டு வருஷம் நடித்தான், அரசாங்கப் பட்டமும் வாங்கினான். வாரத்துக்குள் இலை காய்ந்து உதிர்ந்துவிடும். சனிக்கிழமை அவள் புதுசு ஒட்டுவாள்.