டத்தோ வரும் வரை

கிள்ளானில், மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பஞ்சவர்ணம் மண்டபத்தில் 1998ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை தொடங்கிய பாட்டு இன்னும் முடியவில்லை. மண்டபம் எடுக்க வருபவர்களிடம் மேசை, நாற்காலி, மின்விசிறியோடு அதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். கல்யாணத்துக்கு அது துள்ளும். பதினாறாம் நாள் காரியத்துக்குக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். மழை வந்தால் கூரைத் தகரத்தோடு சேர்ந்து தாளம் போடும். மேடையில் ஆள் இருக்காது. இடப்பக்கம் கிட்டார், வலப்பக்கம் கீபோர்ட், பின்னால் டிரம்ஸ் என்று சத்தம் மட்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். வாசித்ததையே அது திரும்ப வாசித்தது கிடையாது. ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இசை ஆய்வாளர் ஒருவர், மூன்று நாள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது இன்ன ராகத்தின் சாயல் என்று மேடையேறி அறிவித்தார். அவர் வாயை மூடுவதற்குள் பாட்டு வேறு திசையில் போய்விட்டது. கட்டுரை மட்டும் அந்த ராகத்திலேயே அச்சானது.

பாட்டு பிறந்ததற்குக் காரணம் கலை அல்ல, தாமதம். பள்ளிப் பேருந்து வாங்குவதற்காக நற்பணி மன்றம் ஒன்று விருந்து வைத்தது. சிறப்புப் பிரமுகர், அரண்மனையில் பட்டம் வாங்கிய டத்தோ ரெங்கசாமி. அவர் வந்து விளக்கேற்றி உரையாற்றாமல் பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறப்பதில்லை என்பது மன்றத்தின் ஒழுக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்த மூன்று இளைஞர்களை, சினிமாப் பாட்டு வாசிப்பார்கள் என்று நம்பி அழைத்திருந்தார்கள். கிட்டாருக்கு விஜயன், கீபோர்டுக்கு முகமது ரஃபீக், டிரம்ஸுக்குத் தங்கராஜ். மேடைக்கு அவர்கள் புதுசு. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்தது. டத்தோ வரவில்லை. மன்றச் செயலாளர் செல்வகுமார் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, அறிவிப்புக்கு மைக் பிடித்திருந்த ரோகிணியிடம், "டத்தோ வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது, சொல்லிடு" என்றார். ரோகிணி மேடையோரம் நின்று சுட்டுவிரலை வட்டமாகச் சுழற்றினாள். போய்க்கொண்டே இரு என்று அர்த்தம்.

பாட்டில்லாத விஜயன் கைக்கு வந்ததை வாசித்தான். ரஃபீக் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். தங்கராஜ் இருவருக்கும் வழிவிட்டு ஓட்டினான். பசியில் இருந்த நானூறு பேரும் மெல்ல மெல்லப் பசியை மறந்து, வாழையிலை முன்னால் கனவு காண்பவர்கள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வப்போது விஜயன் மூன்று சுரத்தை மேல்நோக்கி இழுத்து ரோகிணியைப் பார்ப்பான். போதுமா என்று கேட்பதாக அவள் புரிந்துகொண்டாள். விரலைச் சுழற்றுவாள். டத்தோ அன்று காப்பாரில் இன்னொரு விருந்தில், இதைவிடப் பெரிய மாலை ஒன்றுக்குக் கழுத்தைக் கொடுத்திருந்தார். கடைசியில் பொறுமையிழந்த மண்டபச் சொந்தக்காரர் பஞ்சவர்ணம் அக்கா தாமே சட்டியைத் திறந்தார். தங்கராஜ் குச்சியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான், டிரம்ஸ் நிற்கவில்லை. ரஃபீக் எழுந்தான், கீபோர்டும் நிற்கவில்லை. விஜயன் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான். பிறகு ரோகிணியைப் பார்த்தான். அவள் விரல் சுழன்றுகொண்டுதான் இருந்தது. நிறுத்து என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த விரலைப் பிடித்து அடுத்த வருடமே விஜயன் தாலி கட்டினான், அதே மண்டபத்தில், தன் வாசிப்பைத் தானே கேட்டுக்கொண்டு. பத்து வருடம் குடித்தனம் நடந்தது. பிறகு ஒரு டிங்கிக் காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோனது. அவன் போன அன்று மண்டபத்துக் கிட்டார் ஒரு சுரம்கூடத் தவறவில்லை என்று பஞ்சவர்ணம் அக்கா துக்க வீட்டில் சொன்னார். அதற்குப் பிறகு ரோகிணி ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்கு வருவாள். கல்யாணமோ காதுகுத்தோ, யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் கடைசி வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கும். எப்போதாவது அந்த மூன்று சுரம் கேட்கும். அவள் மடியில் வைத்த கையிலேயே விரலைச் சுழற்றுவாள். கிட்டார் சமாதானமாகி மேலே போகும்.

ஒருமுறை கல்யாணத்துக்கு வந்த ரிஷி என்ற குறும்புக்காரன் மைக்கைப் பிடுங்கி, "டத்தோ ரெங்கசாமி வந்துட்டாரு" என்று கத்திவிட்டான். பாட்டு அறுந்தது. விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. ரோகிணி தண்ணீர்க் குவளையைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். விரலைச் சுழற்றிச் சுழற்றிக் கை வலித்த பிறகுதான் கிட்டார் தயங்கித் தயங்கித் திரும்பியது. எத்தனையோ அமைச்சர்கள் வந்து போயிருக்கிறார்கள், அவர்களைப் பாட்டு கண்டுகொண்டதில்லை. அது ஒரே ஒருவருக்காகக் காத்திருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்த ஒருவர் இதற்குள் பட்டம் உயர்ந்து டத்தோ ஸ்ரீயாகி, டான் ஸ்ரீயுமாகி, எண்பதைத் தாண்டியிருந்தார். செல்வகுமாரும் டத்தோவாகிவிட்டார். சென்ற ஆண்டு அவர் ரோகிணியைக் கைப்பேசியில் அழைத்தார். "மன்றத்தோட ஆண்டு விழாம்மா. டான் ஸ்ரீ கண்டிப்பா வர்றாரு. அன்னிக்கு நீதானே மைக், இன்னிக்கும் நீதான். வந்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லு, பாட்டு நிக்கும், அவரு பேசிடுவாரு. முறையா முடிச்சிடலாம்."

"முடிக்கணுமா அண்ணே?"

"எல்லாத்துக்கும் ஒரு நிறைவு விழா வேணும்லா."

மறுத்தால் வேறு யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள். ரோகிணி ஒத்துக்கொண்டாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை மதியம். சுங்கை வேயிலிருந்து தங்கராஜ் வந்திருந்தார். ரஃபீக்குக்கு முழுக்க நரைத்திருந்தது. இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து, மேடையில் தங்களுடைய இளவயது வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன் கீபோர்ட் இப்பதான் நல்லா இருக்கு" என்றார் தங்கராஜ்.

"நீ இல்லாம உன் டிரம்ஸும்தான்" என்றார் ரஃபீக். பிறகு ரோகிணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் வராதவரு இன்னிக்கு மட்டும் வந்துடுவாரா? சும்மா இரும்மா" என்றார்.

கீழே தெருவில் செல்வகுமார் ஆளுயர ரோஜா மாலையோடும் மேளக்காரர்களோடும் நின்றார். டான் ஸ்ரீ அந்த வழியாக வரவில்லை. ஓட்டுநர் பின்சந்தில் லோரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். டான் ஸ்ரீக்கோ அவசரமாகக் கழிப்பறை தேவைப்பட்டது. எனவே சமையற்கட்டுப் படிவழியே, கைத்தடியை ஊன்றி, வெங்காய மூட்டைகளைத் தாண்டி ஏறி வந்தார். வேலை முடிந்ததும் ஈரக்கையோடு கடைசி வரிசையில், காலியாக இருந்த ரோகிணியின் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலையும் மேளமும் இல்லாததால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ரோகிணிக்குத் தெரிந்தது. அவள் அருகில் போய் நின்றாள். கிழவர் கண்ணை மூடி, தடியால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா கிட்டார்?"

"என் வீட்டுக்காரர்."

"ஆளக் காணோமே."

"தவறிட்டாரு டான் ஸ்ரீ. ஆனா வாசிச்சிட்டு இருக்காரு."

கிழவர் அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுபோல் தலையாட்டினார். அவர் வயதில் தெரிந்தவர்கள் பாதிப்பேர் அப்படித்தான். "எப்ப முடிப்பாங்க?"

"நீங்க வர்ற வரைக்கும் வாசிக்கச் சொன்னாங்க. அன்னிக்குச் சொன்னது. வந்துட்டீங்கன்னு சொன்னா நின்னுடும்."

டான் ஸ்ரீ கண்ணைத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து உரையை எடுத்து விரித்து, முதல் வரியை மட்டும் படித்தார். அவையோர்க்கு வணக்கம் என்று இருந்திருக்கும். மறுபடி மடித்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கு அடியில் குனிந்து செருகினார். நாற்காலி ஆட்டம் நின்றது. "நான் இன்னும் வரலம்மா" என்றார். "ஜாம்ல மாட்டிக்கிட்டேன். சாப்பாடு போடச் சொல்லு."

பொது வாழ்க்கையில் அவர் செய்த முதல் சேவை அது என்று தங்கராஜ் பின்னால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

செல்வகுமார் படியேறி ஓடிவந்து வாசலிலிருந்து சைகையால் கேட்டார், வந்தாச்சா? ரோகிணி மைக் அருகே போனாள். கிட்டார் மூன்று சுரத்தை மேல்நோக்கி இழுத்து நின்றது. டிரம்ஸ் மூச்சைப் பிடித்தது. மண்டபத்தில் வெயில் சன்னல் கம்பி வழியாக இறங்கி, நீருக்கடியில் கிடப்பதுபோல் அசைந்தது. "டான் ஸ்ரீ வந்துகொண்டிருக்கிறார்" என்று அவள் அறிவித்தாள். பிறகு எல்லாரும் பார்க்க விரலைச் சுழற்றினாள்.

அன்றிலிருந்து டான் ஸ்ரீ மாதத்துக்கு இரண்டு ஞாயிறு சமையற்கட்டு வழியாக வந்து, சாப்பிட்டு, தாளம் போட்டுவிட்டுப் போகிறார். அவருக்காக ரோகிணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டிருக்கிறார்கள். செல்வகுமார் முன்வாசலில் மாலையோடு நிற்கிறார். பூ வாடினால் எதிர்க்கடையில் மாற்றிக்கொள்கிறார். டான் ஸ்ரீ வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார் என்றுதான் அவருக்குத் தகவல்.