இர்வின் நேராக்கிய அம்புகள்

இர்வினுக்குக் கோணல் என்றாலே ஆகாது. சுவரில் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் மனிதனுக்குச் சாப்பாடு இறங்காது. கட்டிக்கொண்ட நாள் முதல் மார்லிஸுக்கு அது ஒரு தீராத தலைவலி.

முந்தாநாள்தான் கோதுமை லாரிக்குப் புது டயர்கள் மாட்டினார்கள். சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு நட்டின் தலையிலும் மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு ஒன்றைச் செருகி, அம்புகள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று பார்க்கும்படி மார்லிஸே வைத்தாள். நட்டு தளர்ந்து திரும்பினால் அம்பும் கூடவே திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். நேற்று ஒரு நடை போய்வந்தாயிற்று. இன்று காலை குனிந்து பார்த்தாள். ஒரு அம்புகூட விலகவில்லை. நிம்மதியாக ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினாள். பிராண்டன் கிடங்கில் கோதுமை இறக்க இன்றைக்குக் கிடைத்த முறையைத் தவறவிட்டால் அடுத்த வாரம்தான். அதற்குள் மழை வேறு வருகிறதாம்.

இர்வின் கையில் துணியோடு வந்து நின்றான்.

"எப்படி மின்னுது பாத்தியா? நேத்து சாயங்காலமே கழுவிட்டேன். அந்த அம்பெல்லாம் கன்னாபின்னான்னு திரும்பிக் கெடந்துச்சு. கழட்டி நேரா மாட்டிட்டேன்."

மார்லிஸ் இஞ்சினை அணைத்தாள். "நட்டை முடுக்குனியா?"

"நட்டை எதுக்கு? அம்புதானே கோணல்?"

"எந்தச் சக்கரத்துலய்யா?"

"அங்கங்க இருந்துச்சு. யாரு கண்டா?"

"உன் சுத்தத்துல இடி விழ! மாட்டுறப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"அப்ப நான் ஸ்பேனரைத் தொடச்சிட்டிருந்தேன்..."

தளர்ந்த நட்டிலிருந்து துரு வழிந்திருந்தால் அதையாவது வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதையும் தேய்த்துக் கழுவிவிட்டான் புண்ணியவான். இனி எல்லாச் சக்கரத்தையும் ஒன்று விடாமல் முடுக்கிப் பார்த்தாக வேண்டும். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவள் ஸ்பேனரோடு சரளையில் முட்டி போட்டாள். கிடங்கு முறை கண்ணெதிரே கைநழுவிப் போயிற்று. அழுகையே வந்துவிட்டது.

கடைசியாக இடது பின்சக்கரம். ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. நட்டு இரண்டு விரலுக்கே சுழன்று வந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஓடும்போது இந்தச் சக்கரம் கழன்றிருந்தால் எதிரே வருபவர்கள் மேல்தான் பாய்ந்திருக்கும்.

அப்போது வாசல் சாலையில் பள்ளிப் பேருந்து போயிற்று. நடை போகும்போதெல்லாம் பாதி வழியில் அவளுக்கு எதிரே வருகிற பேருந்து. பிள்ளைகள் ஜன்னல் வழியே இர்வினுக்குக் கையசைத்தார்கள். ஒரு நாளும் பதிலுக்கு அசைக்காமல் விடாதவன், துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

மார்லிஸ் சரளையில் சற்று நகர்ந்து அவனுக்கும் இடம் விட்டாள்.

"இந்தா, ஸ்பேனரைப் பிடி," என்றாள்.