மகளின் எடைக்கு உப்பு

மே மாதம் வந்துவிட்டால் தாராவித் தமிழர்களுக்குக் கால் தரையில் பாவாது. அறுபத்து நாலாம் வருஷத்து மே மாதமும் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு. குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வந்தாலே பெரிய காரியம். அதற்காக யார் கொண்டாட்டத்தை விட்டார்கள்? ஒரு சந்தில் அம்மன் கொடை, அடுத்த சந்தில் நாடக ஒத்திகை, மாஹிம் கோட்டைக்குப் பக்கத்து மணலில் தெருவுக்குத் தெரு பந்தாட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் அசனம். கோவில் என்னவோ தகரக் கூரை போட்ட சின்னக் கோவில்தான். ஆனால் அசனச் சோற்றுக்கு அம்பர்நாத்திலிருந்துகூட ரயிலேறி வருவார்கள். சாதி மதம் பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவார்கள். சாயங்காலம் மாதாவின் சப்பரம் மாஹிம் கடற்கரைவரை போய்த் திரும்பும்.

அந்த வருஷம் சேசம்மாளுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. தை மாதம் அவள் மகள் ஏஞ்சல் டைபாய்டில் இருபத்தோரு நாள் கிடந்தாள். ஆறு வயதுப் பிள்ளை பாயோடு பாயாக ஒட்டிப்போய்விட்டது. சேசம்மாள் மாதா படத்துக்கு முன்னால் முந்தானையை விரித்து அழுதாள். பிள்ளை பிழைத்தால் அவள் எடைக்கு எடை உப்புக் கொட்டுகிறேன், அதுவும் கடையில் வாங்காமல், வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்துக் கொட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். கோவிலுக்கு உப்புக் கொட்டுவது தெற்கத்திக்காரர்களுக்குச் சாதாரணம். மடிப்பிச்சைதான் கஷ்டம். தெரிந்தவர்கள் வாசலில் போய் மடியை ஏந்தி நின்றால்தான் உள்ளே இருக்கிற திமிர் கரையும் என்று அப்படி ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. பிழைத்ததோடு நிற்காமல் வஞ்சகம் இல்லாமல் தின்னவும் ஆரம்பித்தது. காய்ச்சலில் பத்துக் கிலோ தேறாத பிள்ளை மே மாதத்தில் பதினைந்து கிலோ இருந்தது. பிச்சை எடுக்க வேண்டிய உப்பும் கூடவே ஏறியது. அதில் சேசம்மாளுக்கு வருத்தம் எதுவும் இல்லை, பெருமைதான்.

முதல் கை உப்பைப் போட்டவள் அம்மன் கோவில் சந்தில் இருந்த சண்முகவடிவு. "எங்க அம்மனும் கோவிக்க மாட்டா, உங்க மாதாவும் கோவிக்க மாட்டாவ. என் பங்கும் கிடக்கட்டும், மதினி" என்றாள். கறிக்கடை ஜெயினுலாப்தீன் பாய் கடையநல்லூர்க்காரர். "பிள்ளைக்குத்தானம்மா" என்று ஒரு படி உப்பை அப்படியே மடியில் தட்டினார். பக்கத்து வீட்டு ரோசம்மா, மகன் பிலவேந்திரனின் கையாலேயே போடச் சொன்னாள். மற்றவர்கள் ஒரு பிடி, அரைப் பிடி. இரண்டு வாரம் நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம். சனிக்கிழமை மத்தியானம் நிறுத்துப் பார்த்தால் பத்துக் கிலோதான் இருந்தது.

அவள் புருஷன் தனசீலன் கழிமுகத்தை ஒட்டி, தோலுக்கு உப்புப் போட்டுப் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை பார்த்தான். சாப்பிட வந்தவனிடம் அவள் கண்ணைக் கசக்கினாள்.

"இன்னும் அஞ்சு கிலோ குறையுது. விடிஞ்சா தராசுல ஏத்தணும். நான் எங்க போவேன்?"

"ஏட்டி, இதுக்குப் போயி அழுதியே. எங்க ஷாப்புல உப்பு மலையாக் குமிஞ்சு கிடக்கு. ஒரு பை கொண்டாந்தா முடிஞ்சுது."

"அது பிச்சை ஆவாதே."

"முதலாளிகிட்ட நான் பிச்சை எடுத்ததா வச்சுக்கோ" என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கால் வலி ஒரு பக்கம், ஊருக்கு முன்னால் தராசு தாழாமல் நின்றுவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். பையை எடுத்துக் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் பை நிறைய உப்பு வந்தது. மற்ற உப்பெல்லாம் கல்லும் அழுக்குமாக இருக்க, இது வெள்ளைவெளேர் என்று மாவு படிந்த மாதிரி இருந்தது.

"தோலுமேல தூவுனது இல்லியே?"

"சீ, நான் என்ன கிறுக்கனா? மூலையில தனியா எடுத்து வச்சிருந்த புது மூட்டை. யாரும் தொடாத உப்பு. மாதாவுக்குன்னு பாத்து எடுத்திருக்கேன்."

அந்த மூட்டையை ஏன் தனியாக வைத்திருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் கிடங்கில் கிடக்கும் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க, விஷ மருந்து கலந்து வைத்த உப்பு அது. யாரும் தொடக் கூடாது என்று வேலையை மேற்பார்க்கும் முகாதம் முந்தின நாளே வேலைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். அன்றைக்குத் தனசீலன் லீவு போட்டுவிட்டு மாதா கோவிலுக்குப் பந்தல் போடப் போயிருந்தான். சேசம்மாள் அந்த உப்பைக் கொண்டுபோய்ப் பிச்சை உப்பின்மேல் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விறகுக் கடைத் தராசைக் கோவில் வாசலில் கட்டினார்கள். ஒரு தட்டில் ஏஞ்சல் புதுப் பாவாடையோடு உட்கார்ந்து காலை ஆட்டினாள். மறு தட்டில் உப்பு. திருவிழாத் தலைவர் இன்னாசிமுத்து அண்ணாச்சி முள்ளைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். குலவைச் சத்தம் எழுந்தது. சாமியார் உப்பை மந்திரித்தார். சேசம்மாள் அழுதாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அழுதது அந்த ஒரு தரம்தான்.

மந்திரித்த உப்பில் கொஞ்சம் அசனக் குழம்புக்குப் போகும். மீதியைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். அதை மாதா படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது வழக்கம். அன்றைக்கும் அப்படியே நடந்தது.

முதல் பந்திக்கான குழம்பு, உப்பை மந்திரிக்கும் முன்பே கொதித்து இறங்கியிருந்தது. சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் நினைத்ததைவிட அதிகம் வந்ததால், ஜெயினுலாப்தீன் பாயிடம் இன்னும் கறி வாங்கி இரண்டாவது அண்டா ஏற்றினார்கள். அதற்குத்தான் மந்திரித்த உப்பை மேலாக அள்ளிப் போட்டார்கள். சேசம்மாள் பரிமாறிக்கொண்டே இருந்ததில் அவளுக்குச் சோறே மிஞ்சவில்லை. ஏஞ்சலுக்குக் கறி ஆகாது என்று வீட்டில் பாலும் ரொட்டியும் கொடுத்திருந்தாள்.

சப்பரம் மாஹிம் முனைக்குப் போவதற்குள் தூக்கியவர்களில் நாலு பேர் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். பிறகு சந்துக்குச் சந்து அதே கதை. வாந்தி, பேதி, தொண்டை எரிச்சல். மாதாவை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு டாக்சி பிடிக்க ஓடினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரிக்க இடம் இல்லை.

பழி யார்மேல் விழும் என்று சொல்லவா வேண்டும்? முதல் பந்திக்காரர்கள் நன்றாக இருக்கிறார்கள். இரண்டாவது பந்திக்குக் கறி பிறகு வந்தது. மே மாத வெயில், கெட்ட கறி. இருட்டுவதற்குள் ஜெயினுலாப்தீன் பாயின் கடைக் கதவை உடைத்துத் தராசைச் சாக்கடையில் எறிந்தார்கள். போலீஸ் அவரைச் சவுக்கி லாக்கப்புக்கு இழுத்துப் போனது. ஏஞ்சலுக்குத் தராசு பிடித்த இன்னாசிமுத்து அண்ணாச்சிதான் முன்னால் நின்று கைகாட்டினார்.

திங்கட்கிழமை காலையில் சண்முகவடிவு செத்துப்போனாள். மத்தியானமே வேலையை விட்டு ஓடிவந்த தனசீலன் கதவைச் சாத்தினான்.

"ஷாப்புல முகாதம் கத்துதான். மருந்து கலந்த மூட்டையில பாதியக் காணுமாம். ஏட்டி, நான் எடுத்தது அந்த மூட்டைதான்."

சேசம்மாளுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஏறியதும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"போய்ச் சொல்லிருவோம். பாய் உள்ள கிடக்காரு."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "சொன்னா என்னைத் தூக்குல போட்டுருவான். பிள்ளையை எவன் பாப்பான்? ஊருல எல்லாரும் போட்ட உப்பு அது. யாரு உப்புன்னு எவனுக்குத் தெரியும்? ரெண்டு நாள் பொறு. கறியில ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னா பாயை விட்டுருவான்."

சாயங்காலம் அவள் விறகு வாங்கப் போனபோது, உடைந்த கடை வாசலில் பாயின் மனைவி சைனப் உட்கார்ந்திருந்தாள். "நீயும் எங்க கறின்னுதான் நெனைக்கியா, சேசு?" என்று கேட்டாள். சேசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள்.

பொட்டலங்களை அவள் நினைக்காமல் இல்லை. நினைத்தாள். இந்த அமளியில் உப்பை யார் தேடப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சமாதானத்தைப்போல ஒரு பொய்யை அவள் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சேசம்மாள் குழாயடியில் குடத்தோடு நின்றபோது ரோசம்மா வந்தாள். பிலவேந்திரனும் இரண்டாவது பந்தியில் சாப்பிட்டவன்.

"பிலவேந்திரன் எப்படி இருக்கான், மதினி?" என்று யாரோ கேட்டார்கள்.

"தேவலை. நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பிட்டாங்க. நேத்துப் பொழுதடையவும் இன்னைக்கு விடியக்காலமும் மாதா உப்பைக் கரைச்சுக் குடுத்தேன். இப்பத்தான் கொஞ்சம் கண் அசந்திருக்கான்."

சேசம்மாள் கையிலிருந்த குடம் விழுந்தது.

"குடுக்காதீங்க. யாரும் அந்த உப்பைத் தொடாதீங்க. அதுலதான் விஷம். பிச்சை உப்பு பத்தலன்னு ஷாப்பு உப்பைக் கலந்தேன். கறியில ஒண்ணும் இல்ல, உப்புதான். எங்க உப்புதான். நேத்து மத்தியானமே எனக்குத் தெரியும்."

தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரத் தண்ணீரைப் பிடிக்க ஒருவருக்கும் கை எழவில்லை. ரோசம்மா குடத்தைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

தனசீலன் தப்பி ஓடவில்லை. இன்னாசிமுத்து அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு தானே சவுக்கிக்குப் போனான். சேசம்மாள் முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு இறங்கினாள். பொட்டலம் எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று அவளுக்குத்தான் தெரியும், அவளே கையால் கொடுத்தது. பிச்சை எடுத்த வாசல்களிலெல்லாம் மறுபடியும் போய் நின்றாள்.

"அந்த உப்பைத் திருப்பித் தாங்க."

சிலர் பொட்டலத்தை மடியில் போட்டார்கள். சிலர் அவள் முகத்தில் எறிந்தார்கள். ஒரு வீட்டில் காறித் துப்பினார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சண்முகவடிவின் புருஷன் பூலோகம் சாமி மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவை மூடினான்.

ஜெயினுலாப்தீன் பாய் அப்போதுதான் சவுக்கியிலிருந்து வந்திருந்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. சைனப் உள்ளேயிருந்து பொட்டலத்தைக் கொண்டுவந்தாள், பிரிக்காமல் வைத்திருந்தாள். பாய் அதை வாங்கிச் சேசம்மாளின் மடியில் வைத்தார்.

"பிள்ளை நல்லாயிருக்காளாம்மா?"

அவர் இரண்டு அடி அடித்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

கடைசியாக மிஞ்சியது பக்கத்து வீடு. அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டதே அவள்தான். போய்ச் சேரும்போது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாயில் பிலவேந்திரனைக் கிடத்தி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.

ரோசம்மா எழுந்து வந்தாள். அழவில்லை. மாதா படத்துக்குக் கீழே கிடந்த உப்புப் பொட்டலக் காகிதத்தை எடுத்து, உதறிக் காட்டி, நாலாக மடித்துச் சேசம்மாளின் மடியில் போட்டாள்.

"நேத்துப் பொழுதடையுமுன்ன சொல்லியிருக்கலாமே, மதினி. அப்ப இது நிறைய இருந்துது."