வேன் ஜன்னலில் ஓர் ஆணி ஓட்டை

பழைய பார்சல் வேனுக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் பொருத்தி, அதை வீடாக்கிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனைவி மட்டும் அதை இன்னும் "வண்டி" என்றே சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். பகலில்தான் தூக்கம். அதுவும் கும்மிருட்டாக இருக்க வேண்டும். ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும் போச்சு.

மூன்று வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் பதினைந்து நாள் லீவு கிடைத்தது. வேனில் ஊர் சுற்றலாம் என்றேன்.

"சனிக்கிழமை டியூட்டி முடிஞ்சு வந்து இதுலயே படுத்துப் பாக்குறேன். தூக்கம் வந்தா வரேன். இல்லன்னா நீங்களும் உங்க வண்டியும் ஜோடியா போயிட்டு வாங்க."

திரைச்சீலையின் ஓரமெல்லாம் வெளிச்சம் வழிந்தது. அதனால் கார் கண்ணாடிக்கு வைக்கிற வெள்ளி நிற வெயில் தடுப்புகளை வாங்கினேன். ஒவ்வொரு ஜன்னலிலும் செய்தித்தாளை வைத்து அளவெடுத்து, அரை அங்குலம் கூட்டி வெட்டி, உள்பக்கம் கறுப்புத் துணி ஒட்டினேன். மூலைகளில் காந்தம் வைத்தேன். ஒட்டவில்லை. ஜன்னலைச் சுற்றியிருந்த இரும்பைப் போன மாதம் பலகை அடித்து மூடிய மேதை யார் என்று யோசித்தேன். நான்தான்.

எதிரே சீட் கவர் கடை வைத்திருக்கும் என் மைத்துனன் சிரித்தான். "நாலு பக்கமும் நீங்களே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க மாமா. அக்கா நிம்மதியா தூங்குவா."

சிரித்து முடித்து, கண்ணாடியில் அழுத்தினால் கவ்விக்கொள்ளும் ரப்பர் கிண்ணங்களைக் கொடுத்தான். அவற்றை மாட்ட மூலைக்கு ஓர் ஓட்டை வேண்டும். நான்கு முறை அடிப்பானேன்? கடைசித் தடுப்பை நான்காக மடித்தேன். நான்கு மூலையும் ஒன்றாக வந்த இடம் என்று நினைத்து, ஆணியை வைத்து ஒரே அடி. விரித்தால் மூலைகள் முழுசாக இருந்தன, ஓட்டை நட்டநடுவில்! மடிப்பு மூலையில் அடித்திருக்கிறேன். மூலைகளைத் தனித்தனியாக அடித்து மாட்டி முடிக்கவும் அவள் வரவும் சரியாக இருந்தது. வெளிச்சம் கொட்டும் தெருப்பக்க ஜன்னலில் கடுகளவு ஓட்டை. வாய் திறக்காமல் வெளியே நின்றேன்.

பத்தே நிமிடம்.

"என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

லீவு போச்சு என்று நினைத்துக்கொண்டு கதவை நகர்த்தி உள்ளே போய்ச் சாத்தினேன். ஒரே இருட்டு.

"அலமாரியப் பாருங்க."

வெள்ளை அலமாரிக் கதவில் எங்கள் தெரு தலைகீழாகத் தொங்கியது. நிறத்தோடு, அசைவோடு. மேலே தார் ரோடு, கீழே வானம். ஒரு சைக்கிள் கூரையில் உருண்டுபோனது. மைத்துனன் தலைகீழாக நின்று டீ குடித்தான். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"அந்த ஓட்டை வழியாவா இவ்ளோ பெரிய தெரு வருது?"

"ஆமா. டேப் இருக்கு, அடைச்சிடுறேன்."

"இருங்க, பஸ் வருது. போகட்டும்."

பஸ் வந்தது, சக்கரங்களை மேலே தூக்கியபடி போனது. திரும்பிப் பார்த்தேன். அவள் தூங்கியிருந்தாள்.

டேப்பைப் பிரித்தால் பர்ரென்று கத்தும். கதவு அதைவிட மோசம். நான் கட்டிய வீட்டுக்குள் நானே கைதி.

சிறிது நேரத்தில் மைத்துனன் என்னைத் தேடிக் கிளம்பினான். நெருங்க நெருங்கப் பெரிதானான். தட்டுவதற்குக் கையை ஓங்கிவிட்டான். சட்டைக்குள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு போனில் எழுதி அனுப்பினேன்: "தட்டாதே."

தலைகீழ் மைத்துனன் பையிலிருந்து போனை எடுத்தான். படித்தான். வலம் பார்த்தான், இடம் பார்த்தான், மொட்டை மாடிகளைப் பார்த்தான். பதில் வந்தது: "மாமா, எங்க இருந்து பாக்குறீங்க?"

சிரிப்பை அடக்கியதில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பூனை மாதிரி அவன் கடைக்குத் திரும்பினான், அரை நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்தபடி.

பன்னிரண்டே காலுக்கு அவள் கண் விழித்தாள். முதலில் அலமாரியைப் பார்த்தாள்.

"இன்னும் அடைக்கலயா?"

"இல்ல."

தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அருவி பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினா, இதுல தண்ணி மேல ஏறுமா?"