ஆத்தாளுக்குப் போட்ட பலகை

நீர்த்தேக்கத்தின் மேல்முனையில் இருந்த தோட்டத்தில் அழகம்மாவின் தாய் இழுத்துக்கொண்டு கிடந்தாள். ‘முகத்தைப் பாக்கணும்னா வெரசா வரச் சொல்லுங்க’ என்று கீழ்முனைத் தோட்டத்தில் இருந்த அழகம்மாவுக்கு ஆபிஸ் போனில் தகவல் வந்தது. மலை சரிந்து ரோட்டை மூடியிருந்தது. ஆற்றுக்கு மேலே கிடந்த நடைபாலத்தையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது தை மாதம் வாங்கிய பாய்மரப் படகுதான்.

ஹட்டனில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய நீர்கொழும்பு மீன்காரனிடம் அதை வாங்கியவன் அவளுடைய புருசன் செல்லசாமி. அன்றிலிருந்து லயத்து வீடுகளில் அவனுக்குக் ‘கப்பல் கண்டாக்கு’ என்று கேலிப் பெயர். தையில் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. இப்போது ஆடிக் காற்று மேல்முனையிலிருந்து நேராக முகத்தில் அறைந்தது. காலையில் துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். காற்று தள்ளிக்கொண்டு வந்து கரையிலேயே விட்டது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்து மகாலிங்கம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துத் தீவுக்காரர். தகப்பன் பாய்வள்ளம் ஓட்டியவர். கேள்விப்பட்டு அவராகவே வந்து, அழகம்மாவின் அடுப்படித் தரையில் கரித்துண்டால் கோடு போட்டார்.

“எதிர்க்காத்துக்கு நேர போகேலாது. சரிச்சுச் சரிச்சுத்தான் ஏறவேணும். முதல்ல அந்த டர்பன்டைன் மரங்கள் வரைக்கும். அங்க திருப்பி, தேயிலை ஸ்டோர்க் கரை வரைக்கும்.”

“மலைக்குக் கொழுந்தெடுக்க ஏறுற மாதிரிங்களா, சார்?”

“ஓம், அதே மாதிரித்தான்.”

அழகம்மாவுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. கோடு எட்டிய இடத்தில் அம்மாவின் வாசல் இருந்தது. படகின் கிழிந்த பாய்க்கு, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் தன் படங்குச் சாக்கை வெட்டி ஒட்டுப்போட அப்போதே ஊசியை எடுத்தாள்.

“பக்கப்பலகை எங்க?” என்றார் மாஸ்டர்.

“எந்தப் பலகைங்க?”

“பக்கத்தில தொங்கவிடுற பெரிய பலகை. அது தண்ணிக்குள்ள இறங்கினால்தான் வள்ளம் ஏறும். இல்லாட்டி நண்டு மாதிரிப் பக்கமாத்தான் போகும்.”

செல்லசாமிதான் பதில் சொன்னான். “ஒண்ணு குடுத்தானுங்க. நல்ல மரம். மீதிப் பலகைன்னு நெனச்சு...”

“எரிச்சுப்போட்டீரோ?”

“இல்லீங்க. சித்திரைத் திருவிழாவுல கோயில்ல ஆத்தாளுக்குக் கீழ பீடமாப் போட்டுச் சிமெந்து பூசிட்டோம்.”

மாஸ்டர் கரித்துண்டைக் கீழே வைத்தார்.

அழகம்மா பலகையைப் பெயர்த்தெடுக்க அலவாங்கைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. தோட்டத்துத் தலைவர் பழனியாண்டி மட்டும் வாசலில் நின்று, “ஒன் இஷ்டம் தாயி. நான் வேணாம்னு சொல்லல. ஆனா நான் தொடமாட்டேன்” என்றார். பலகையின் ஒரு விளிம்பு சிமெந்துக்கு வெளியே தெரிந்தது. அதற்கு மஞ்சள் தேய்த்துக் கழுவியவள் அவள்தான். சின்னவனுக்கு அம்மை போட்டபோது நெற்றியை வைத்து அழுததும் அதன்மேல்தான். அலவாங்கு நுனியை விளிம்பில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அலவாங்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பக்கப்பலகைக்குப் பதிலாகக் கட்டில் பலகையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு புருசனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். “உடையும், அழகம்மா” என்று மாஸ்டர் கரையிலிருந்தே சொன்னார். “தெரியுங்க சார்” என்றாள். டர்பன்டைன் மரங்கள் வரைக்கும் படகு நன்றாகவே ஏறியது. அம்மாவின் தோட்டத்து மேட்டு லயம் மழைப்புகைக்குள் தெரிந்தது. திருப்பும்போது பலகை பிளந்தது. பிறகு பாயை எப்படி இழுத்தாலும் படகு பக்கமாகவே நழுவி, புறப்பட்ட இடத்துக்கும் கீழே, சேற்றில் போய்ச் சொருகி நின்றது.

செல்லசாமி தகரப் பேணியால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். அழகம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காற்று மேல்முனையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதற்குள் ஏதோ ஒன்று விட்டுவிட்டு அடித்தது.

“சாவுத் தப்புச் சத்தம் கேக்குதா?” என்றாள்.

செல்லசாமி அள்ளுவதை நிறுத்தவில்லை. “காத்து, புள்ள. பாய்தான் அடிச்சுக்குது.”

பாய் நனைந்து அவள் காலடியில் சுருண்டு கிடந்தது. சத்தம் இன்னும் தெளிவாக வந்தது. அழகம்மா கையை உயர்த்திக் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.