திவாலான அன்று இயந்திரம் எங்கே இருந்தது?

எங்கள் பட்டறையில் பெட்டி செய்ய அட்டை வெட்டும் இயந்திரங்கள் செய்கிறோம். செய்வது அக்கா, விற்பது மாமா, கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. விற்ற இயந்திரம் பழுதானால் ஆளை அனுப்பும் வழக்கம் அக்காவிடம் கிடையாது. இயந்திரமே பட்டறைக்கு வந்தாக வேண்டும்.

"கட்டிக்கொடுத்த பொண்ண அழைச்சிட்டு வர்ற மாதிரி லாரி வெச்சு அழைக்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்லிச் சிரிப்பார்.

எல்லைக்கு அப்பால் ஒரு கம்பெனிக்குத் தவணையில் விற்ற பெரிய இயந்திரமும் அப்படித்தான் வந்து, வயிற்றைத் திறந்தபடி நின்றது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி திவாலாகிவிட்டது. அதன் சொத்துகளைத் திரட்ட அந்த நாட்டு நீதிமன்றம் நியமித்த அம்மாள், இயந்திரத்தை உடனே அனுப்பும்படி எழுதினார். அது கைவிட்டுப் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

மாமா எங்களை வக்கீலிடம் இழுத்துக்கொண்டு ஓடினார். "முழு விலையும் வர்ற வரைக்கும் மெஷின் நம்மளுதுன்னு ஒப்பந்தத்துல இருக்கே சார்!"

"நம்ம சட்டத்துக்கு அது போதும். அவங்க நாட்டுல அதை அரசாங்கப் பதிவேட்டுல ஏத்தியிருக்கணும். ஏத்தலேன்னா கம்பெனிக்குக் கடன் கொடுத்தவங்க எல்லாருக்கும் பொதுவாப் போயிடும். ஏத்தினீங்களா?"

மாமா கூரையைப் பார்த்தார்.

"ரெண்டுல எந்தச் சட்டம் செல்லும்?" என்று அக்கா கேட்டாள். அவள் நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் இருந்தது.

"ரெண்டு நாட்டுக்கும் உடன்படிக்கை இருக்கும்மா. திவால்னு அறிவிச்ச அன்னைக்குப் பொருள் எந்த நாட்டுல இருந்துச்சோ, அந்த நாட்டுச் சட்டந்தான். அன்னைக்கு மெஷின் எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? பட்டறையிலதான். பல்சக்கரத்தைக் கழட்டிக்கிட்டிருந்தேன்."

மாமா மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். "லாரி வாடகைக்கு என்ன சண்டை போட்டேன் உங்கிட்ட!"

"மூணு நாள் பேசலையே நீங்க" என்றாள் அக்கா. வக்கீல் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்.

அந்த அம்மாள் நேரிலேயே வந்தார். இயந்திரம் வந்த தேதியை லாரிக்காரரிடம் விசாரித்தார். பிறகு இயந்திரத்தைச் சுற்றி வந்து, திறந்து கிடந்த வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல நின்னிருந்தா இந்நேரம் ஏலம் போட்டிருப்பேன். இங்க நிக்குது, உங்களுதுதான்" என்றார். "ஆனா ஒண்ணு. கம்பெனியை வேறொருத்தர் எடுத்து நடத்தப் போறார். இது இல்லாம ஓட்ட முடியாதுங்கறார். அவருக்கு விப்பீங்களா?"

"தாராளமா! இந்தத் தடவை உங்க பதிவேட்டுல ஏத்திட்டுத்தான் மறுவேலை" என்று மாமா துள்ளினார்.

அக்கா சக்கரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏத்துங்க, வேண்டாங்கல. ஆனா ரிப்பேருன்னா இங்கதான் வரணும்."

"வரட்டும், வரட்டும். லாரிக்கு நானே சொல்லி வைக்கிறேன்" என்றார் மாமா.